கேஸு மொய்

"வழக்குல ஜெயிச்ச பிறகு, வர்ற பணத்துல உங்க பங்கை எடுத்துக்கங்க" என்று நான் பர்மிய மொழியில் சொன்னதும் லாயரம்மா சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. இதே பேச்சைப் பல பேர் வந்து பேசிக் கேட்டு அலுத்துப்போன சிரிப்பு. ரங்கூன் நகரின் நடுவில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது அவருடைய அறை. கரண்ட் போயிருந்தது. நானும் தங்கையும் வியர்த்து வழிய அவர் எதிரே உட்கார்ந்திருந்தோம். மாடிக்கு மாடி நின்று, சுவரைப் பிடித்து மூச்சு வாங்கித்தான் தங்கை அங்கே வந்து சேர்ந்திருந்தாள். அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

"அப்படிப் பங்கு வாங்க எங்களுக்கு அனுமதி இல்லம்மா" என்றார் லாயரம்மா. "என் பீஸ் முன்னாடியே வரணும். அப்புறம் கோர்ட்டுக்குக் கட்டுற ஸ்டாம்ப், ரெக்கார்டு நகல். எல்லாத்துக்கும் மேல, இது அந்த டாக்டரோட தப்புதான்னு வந்து சொல்ல இன்னொரு டாக்டர் வேணும். அவரு கிடைக்கிறதுதான் பெரிய செலவு."

நாங்கள் எழுந்தபோது ஓர் எச்சரிக்கையும் சொன்னார். "அந்தப் பக்கத்துலேர்ந்து பழக்கூடை வந்தாலும் கை நீட்டாதீங்க. பணம், நகை எதுவும் வேணாம். வாங்கினதுக்கு ஒரு போட்டோ இருந்தாப் போதும், ச்சே ஏ ஆயிடுச்சுன்னு சொல்லிடுவாங்க."

ச்சே ஏ என்றால் பர்மிய மொழியில், மனக்குறை தீர்ந்து சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். பேட்டையில் அடித்துக்கொண்டவர்களை வார்டு ஆபீசில் உட்கார வைத்து, அந்தச் சொல்லைச் சொல்ல வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். படியிறங்கும்போது நான் தலையிலடித்துக்கொண்டு "ச்சே!" என்று சொல்லிக் காட்டினேன். தங்கை சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த டாக்டர் எங்கள் ஆள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மிங்கலா தாங்ஞுன்ட்டில் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். தமிழில் "வாம்மா, உக்காரு" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காகவே ஊரின் அந்தக் கோடியிலிருந்தும் எங்கள் சனங்கள் பஸ் மாறி வருவார்கள். கோயில் கமிட்டியில் பெரிய மனிதர். கோயில் விழா என்றால் முதல் மாலை அவருக்குத்தான். தங்கைக்குத் தலைப்பிரசவம் என்றதும் நாங்கள் வேறு இடத்தை யோசிக்கக்கூட இல்லை. வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுத்தார். பெண் குழந்தை. நாங்கள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

தங்கை வாழ்க்கைப்பட்ட வீடு தாகேதாவில். அவள் மாமியார், வீட்டு வாசலிலேயே குன்யாக் கடை வைத்திருக்கிறார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்துக் கொடுக்கும் கடை. வாய் ஓயாத மனுஷி. கை ஒரு பக்கம் வெற்றிலை மடிக்கும், வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை மடிக்கும். மருமகள் பிள்ளை பெற்று வந்ததும் சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு எல்லாம் வறுத்து இடித்து, கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிரசவ மருந்து கிண்டினார். தாகேதாவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அவரைத்தான் கிண்டிக் கொடுக்கச் சொல்வார்கள். காலையில் ஓர் உருண்டை, மாலையில் ஓர் உருண்டை. தங்கை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள்.

சில நாளிலேயே காய்ச்சல் வந்தது. டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல ஏதாச்சும் நாட்டு மருந்து குடுத்தீங்களா?"

மாமியார் பெருமையாகவே சொன்னார், கிண்டிய பக்குவம் உட்பட.

"அதான்" என்றார் டாக்டர். அத்தோடு விசாரணை முடிந்துபோயிற்று. மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவையும் எழுதிக் கொடுத்தார். மாசம் மாசமாகத் தங்கை கரைந்துகொண்டே போனாள். வயிறு மட்டும் ஒரு பக்கம் கல் மாதிரி இருந்தது. கேட்டால், உடம்புச் சூடு இறங்க நாளாகும் என்றார். கடைசியில் நான்தான் பொறுக்க முடியாமல், நான் கணக்கெழுதும் பயறு மண்டியில் லீவு சொல்லிவிட்டு, அவளை வேறோர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்த பெண் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

ஆபரேஷன் முடிந்ததும் அங்கே இருந்த இளம் டாக்டர் என்னையும் தங்கை புருஷனையும் உள்ளே கூப்பிட்டார். எவர்சில்வர் தட்டில் ஒரு துணி இருந்தது. ரத்தம் ஒற்றுகிற துணி. மடித்தது மடித்தபடி, நிறம் மாறி, நாற்றத்தோடு. முதல் ஆபரேஷனில் உள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். அது அழுகி, கர்ப்பப்பையையும் சேர்த்து எடுக்கவேண்டி வந்துவிட்டது. நான் போனை எடுத்துப் போட்டோ பிடித்தேன். முதல் படம் கலங்கிவிட்டது, மறுபடி பிடித்தேன். இளம் டாக்டர் ரிப்போர்ட் எழுதித் தந்தார். "ஆனா கோர்ட்டுக்கு நான் வர மாட்டேன்" என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் தங்கை புருஷன் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாகிட்ட சொல்லாதீங்கக்கா." அலோன் துறைமுகத்தில் பாரவண்டி ஓட்டுகிற பையன், அதிகம் பேசாதவன். "காலையில அம்மா காதுல போட்டா மத்தியானத்துக்குள்ள டாக்டர் ஸயா காதுக்குப் போயிடும். அவரு ரெக்கார்ட மாத்திட்டாருன்னா நம்ம என்ன பண்ணுவோம்?" சரி என்று பட்டது. வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்தோம். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாய்க்கு அது அதிசயம்தான். அதன்பிறகு ஒவ்வொரு தடவை சோறு போடும்போதும் "இது சாப்பிடலாமா, டாக்டரக் கேட்டியா?" என்று மருமகளிடம் கேட்பார். மருந்து இடிக்கும் உரலைக் கொல்லைப்பக்கம் கவிழ்த்துப் போட்டுவிட்டார். எனக்கு அதெல்லாம் வெறும் நொய்நொய்ப்பாகத்தான் தெரிந்தது.

இப்போது பணம். நகை எல்லாம் இரண்டாவது ஆபரேஷனுக்கே அடகுக் கடைக்குப் போயாயிற்று. மார்க்கெட்டில் வட்டிக்கு விடுகிற அம்மாளிடம் போனேன். கேஸ் எத்தனை வருஷம் இழுக்கும் என்று கேட்டாள், தெரியாது என்றேன், பையை மூடிக்கொண்டாள். என் முதலாளி நல்லவர், சம்பளத்தில் முன்பணம் தரத் தயார். கோர்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "காலம் கெட்டுக் கிடக்கும்மா, நமக்கெதுக்கு?" கோயில் சமூக நிதி என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவர் அதே டாக்டர். தங்கை செத்துப்போயிருந்தால் அடக்கத்துக்கு உதவ எங்கள் பேட்டையில் சங்கம் உண்டு, வண்டிகூட இலவசம். பிழைத்துக்கொண்டு நியாயம் கேட்கிறவளுக்குச் சங்கம் எதுவும் இல்லை. எனக்கு அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் கோபம் வந்தது.

அப்போதுதான் தங்கை புருஷன் சொன்னான்: "அம்மா போட்ட மொய் பூரா வெளியில நிக்குதேக்கா."

மாமியார் எந்தக் கல்யாணத்தையும் விட்டதில்லை. காதுகுத்து, சடங்கு, புது வீடு, எதுவானாலும் போய் மொய் எழுதிவிட்டு வருவார். அவர்கள் சனம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தது. மொய் என்பது அவர்களுக்கு அன்பளிப்பு இல்லை. இன்று நான் உனக்குப் போட்டால், என் வீட்டு விசேஷத்தில் நீ அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டும். போடாதவனை ஊர் மதிக்காது. மகன் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் விசேஷமே நடக்கவில்லை. இப்போது குழந்தைக்குக் காதுகுத்து வைத்தால் போட்டதெல்லாம் திரும்பி வரும்.

"காது குத்துறோம்னு கூப்பிட்டுக் கேஸுக்கு வசூல் பண்றதா?" என்றேன்.

"மொய்ப் பணத்த எதுக்கு எடுத்துக்கறன்னு யாரு கேட்டா? கடன் அடைக்கிறவன் இல்லையா, கூரை போடறவன் இல்லையா?"

அதுவும் நியாயம்தான். வழக்குப் போட வேறு வழி எங்களிடம் இல்லை. விஷயம் வெளியே தெரியக்கூடாது, பணம் சேர்ந்த மறுவாரமே மனு கோர்ட்டுக்குப் போய்விட வேண்டும். இடையில் டாக்டருக்கு மோப்பம் தட்டினால், ஒன்று ரெக்கார்டு மாறும், இல்லாவிட்டால் யாராவது பெரிய மனிதர் வந்து நடுவில் உட்கார்ந்து ச்சே ஏ என்று முடித்துவைப்பார். தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செய்யுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ராணுவ ஆட்சி நடக்கிற இந்தக் காலத்தில் கூட்டம் கூடுவதென்றால் வார்டு ஆபீசில் எழுதி வாங்க வேண்டும். பகலோடு பகலாக முடித்துவிட வேண்டும். மாமியாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீடு வீடாகத் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ வைத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தார். யார் யாருக்குச் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விசேஷத்தன்று வாசலில் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தது. கரண்டை நம்ப முடியாது என்று பாட்டரியில் மைக் வைத்திருந்தார்கள். மொய் மேசையில் அவர்கள் உறவில் குரல் கனத்த பெரியவர் ஒருவர். எழுதுவதும் அவர்தான், மைக்கில் பேரைச் சொல்வதும் அவர்தான். பணத்தை வாங்கி எவர்சில்வர் குடத்தில் போடுவது என் வேலை. கோழிக் குழம்பு வாசம் தெருமுனைவரை அடித்தது. எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லாததால், தாய்மாமன் முறைக்கு என் பெரியப்பா மகன் மடியில் குழந்தையை வைத்துக் காது குத்தினார்கள். அது வீறிட்டு அழுதது. எல்லோரும் சிரித்தார்கள். குடம் நிரம்பிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு கவரும் உள்ளே விழ விழ எனக்குள் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

மாமியார் பட்டுப்புடவையில் வந்து என் காதோரம் குனிந்தார். "டாக்டர் கிளம்பிட்டாராம். பந்தியில நல்ல இடமா ஒண்ணு பிடிச்சு வையி."

நான் குடத்தை விட்டு நிமிர்ந்தேன். "எந்த டாக்டர்?"

"என்ன கேள்வி இது? பிள்ளைய முதமுதல்ல கையில எடுத்தவரு. அவருக்குச் சொல்லாம காது குத்துவாங்களா? முத தட்டு அவருக்குத்தான் வெச்சேன்."

நான் அவர் கையைப் பிடித்துச் சமையல் அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "அத்தை, யாரக் கேட்டு அவரக் கூப்பிட்டீங்க?" என் குரலில் இருந்த கடுமை அவரைத் திகைக்க வைத்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நன்றி வேணாமாம்மா?" என்றார் மெல்ல. "என் மருந்தாலதான் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதி. எனக்குத் தெரியும். அவரு நெனச்சிருந்தா ஊருக்கே சொல்லியிருக்கலாம். 'வெளியில சொல்ல மாட்டேம்மா, பயப்படாத'ன்னாரு. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நான் தல நிமிந்து கடையில உக்காந்திருக்கேன்னா அவரு புண்ணியம்."

பத்து மாசமாக இந்த அம்மாள் இதைச் சுமந்துகொண்டு மருமகளுக்குச் சோறு போட்டிருக்கிறார். இப்போதே, இந்த அடுப்புப் புகையிலேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

டாக்டர் மனைவியோடு வந்திருந்தார். பின்னால் டிரைவர், கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். டாக்டர் நேராகத் தங்கையிடம் போனார். அவள் மடியில் குழந்தை விசும்பிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கைப்பையிலிருந்து தங்கச் செயின் ஒன்றை எடுத்து, யாரும் நினைப்பதற்குள் குழந்தையின் கழுத்தில் போட்டுவிட்டார். டிரைவர் படம் எடுத்தான். தங்கை என்னைப் பார்த்தாள். தங்கை புருஷன் கையில் தண்ணீர்ச் செம்போடு மரம் மாதிரி நின்றான்.

பிறகு டாக்டர் மனைவி மொய் மேசைக்கு வந்து ஒரு கவரை என் முன்னால் வைத்தார். கனமான கவர். குரலைத் தணித்துப் பர்மிய மொழியில், சிரித்த முகமாகவே சொன்னார்: "நம்ம எல்லாரும் ஒரே சனம். இத்தோட ச்சே ஏ ஆயிடுச்சுன்னு வெச்சுக்குவோம், சரியா?"

ஆக, தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். எந்த வழியில் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. என் கை மேசைமேல் இருந்தது. கவரும் மேசைமேல் இருந்தது. எடுத்துக் குடத்தில் போட்டால் கேஸ் முடிந்தது. எடுக்காமல் தள்ளினால், அத்தனை சனத்துக்கு முன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், காதுகுத்து என்று நம்பி வந்தவர்கள் என்ன சொல்வார்கள்? பெரியவர் பேனாவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். "எழுதவாம்மா?"

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

அதற்குள் டாக்டரே மேசைக்கு வந்து மைக்கை வாங்கினார். மேடைப் பேச்சுக்குப் பழகிய குரல். குழந்தையை வாழ்த்தினார். கோயிலை, நம் சனத்தின் ஒற்றுமையைப் பற்றிச் சொன்னார். பிறகு, "இந்தப் பிள்ளையோட அம்மாவுக்குத்தான் நடுவுல கொஞ்சம் கஷ்டம் ஆயிடுச்சு. பெரியவங்க பாசத்துல குடுக்குற நாட்டு மருந்து சில நேரம் உடம்புக்கு ஒத்துக்காம போயிடும். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. கடவுள் காப்பாத்திட்டாரு" என்றார்.

கூட்டம் முழுக்கத் திரும்பி மாமியாரைப் பார்த்தது. அவரிடம் மருந்து வாங்கித் தின்ற பெண்கள் எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் கையை அழுத்தினாள். மாமியார் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தலை தாழ்ந்துகொண்டே போயிற்று. டாக்டர் மைக்கை மேசைமேல் வைத்தார், அணைக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரு மனிதனை அடிக்கவேண்டும் என்று கை துடித்தது அன்றுதான்.

தங்கை எழுந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து, மேசையோரம் நின்ற மாமியாரிடம் வந்தாள். ஊருக்குச் சொல்லவேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. மாமியாருக்கு மட்டும்தான் சொன்னாள். ஆனால் மைக் பக்கத்திலேயே கிடந்தது.

"அத்தை, மருந்தால இல்ல. உங்க மருந்து ஒண்ணும் பண்ணல. ஆபரேஷன் பண்ணப்ப வயித்துக்குள்ள துணிய வெச்சுத் தெச்சுட்டாங்க. அதத்தான் வெளிய எடுத்தாங்க. கட்டி இல்ல அத்தை, துணி."

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள். மாமியார் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு குழந்தையின் கழுத்திலிருந்து செயினைக் கழற்றினார். கொக்கி அகப்படவில்லை, சுண்ணாம்பு பட்டுப் பட்டு வெடித்த விரல்கள் அவை. பொறுமையாகத் தேடிக் கழற்றினார். டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"மருந்து நான் குடுத்தேன்" என்றார். "துணி யாரு குடுத்தா?"

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். "அம்மா, இதெல்லாம் இங்க..." என்று ஆரம்பித்தார்.

"இங்கதானே என் மருந்தச் சொன்னீங்க. துணியயும் இங்கயே சொல்லிட்டுப் போங்க."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். மாமியார் செயினைக் கவரின் மேல் வைத்து, இரண்டையும் அந்த அம்மாள் கையில் திணித்தார். "படம் எடுப்பா, இப்ப எடு" என்று டிரைவரிடம் சொன்னார். அவன் போனை இறக்கிவிட்டான். என் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் தன் போனைத் தூக்கினார். கார் போன பிறகும் யாரும் உட்காரவில்லை. தங்கை புருஷன் அம்மா பக்கத்தில் போய், கேஸ் போடத்தான் இந்த மொய் என்று காதோரம் சொன்னான்.

மாமியார் மைக்கைக் கையில் எடுத்தார். கடையில் வியாபாரம் செய்கிற அதே குரல் திரும்பி வந்திருந்தது.

"கேட்டுக்கங்க. இது காதுகுத்து மொய் இல்லியாம். கேஸு மொய். எனக்கே இப்பத்தான் தெரியும், என் மவன்கிட்ட அத வீட்டுல வெச்சுக் கேட்டுக்கறேன். நான் உங்களுக்குப் போட்டது விசேஷத்துக்கு. நீங்க போட்டதும் விசேஷத்துக்கு. கேஸுக்கு வேணாங்கிறவங்க வந்து திருப்பி எடுத்துக்கங்க. பாக்கி நிக்குதுன்னு நான் எப்பவும் கேக்க மாட்டேன்."

மொய்யைத் திருப்பி எடுத்த கதையை எங்கள் சனத்தில் யாரும் கேட்டதில்லை. நான் குடத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் எழுந்து வந்தது என் சொந்தப் பெரியப்பா. கோயில் கமிட்டியில் இருப்பவர். "எனக்கு அவரு மூஞ்சியில முழிக்கணும்மா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அவர் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். சிலர் கும்பிட்டுவிட்டு வாங்கினார்கள், சிலர் முறைத்துவிட்டு வாங்கினார்கள். ஒருத்தர் காதுகுத்தென்று ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்தினார். அவர் கத்தியதில் தப்பில்லை. குடம் இறங்க இறங்க அவமானமும் கோபமும் அழுகையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

மற்றவர்கள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று நான் யாரையும் கேட்கவில்லை. அவர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள், ஆறிப்போன குழம்பை ஊற்றச் சொன்னார்கள். பிரசவ மருந்து வாங்கித் தின்ற பெண்களில் ஒருத்தி, ஏற்கெனவே எழுதியவள், மறுபடி வந்து இன்னொரு பணத் தாளை என் கையில் வைத்துவிட்டு, பேர் எழுத வேண்டாம் என்று போய்விட்டாள்.

மிஞ்சியது மனுப் போடக் காணும், அதற்கு மேலே காணாது. லாயரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது நடந்ததை எல்லாம் சொன்னேன். "ரெக்கார்ட மாத்துறதுக்குள்ள போடணும்" என்று அன்றைக்கே எழுத உட்கார்ந்தார். தனக்கு வரவேண்டியதைக் கொஞ்சம் தள்ளி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், குறைத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. இந்த வழக்கு எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியாது. இன்றைக்கும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. சாட்சிக்கு வர ஒரு டாக்டர் இன்னும் கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போடப் போன அன்று மாமியாரும் வருவேன் என்று ஒரே பிடிவாதம். கடையை அடைத்துவிட்டு, அந்த மாடிப்படி முழுக்க மருமகளின் முதுகைத் தாங்கிக்கொண்டு ஏறினார். லாயரம்மா மனுவை நீட்டினார். தங்கை பேனாவை வாங்கவில்லை.

"வீட்டுல குடுத்த பிரசவ மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு ஒரு வரி எழுதுங்க, ஸயாமா."

"அது அவங்க பேசப்போற பேச்சு. நம்ம மனுவுல அதுக்கு அவசியமே இல்லம்மா. நம்மளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"அந்த வரி இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

லாயரம்மா என்னைப் பார்த்தார். நான் தங்கை பக்கம். அவர் பெருமூச்சு விட்டு, அந்தப் பக்கத்தை மறுபடி அடித்து எடுத்தார். மாமியாருக்குப் பர்மிய மொழி பேச வரும், படிக்க வராது. அதனால் லாயரம்மா அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டினார்: நோயாளியின் மாமியார் தயாரித்துக் கொடுத்த மருந்தினால் நோயாளிக்கு எந்தத் தீங்கும் ஏற்படவில்லை.

மாமியார் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி நின்று கேட்டார். தங்கை கையெழுத்துப் போட்டு முடித்தாள், முத்திரை குத்தினார்கள், நாங்கள் கிளம்புவதற்கு எழுந்தோம். அவர் மட்டும் நகரவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, தமிழில் மெல்லச் சொன்னார்:

"அந்த வரிய இன்னொரு தடவ படிக்கச் சொல்லும்மா."